இருபத்தேழாம் நம்பர் சட்டை

ஹெரன்ஸ் பேஸ்பால் அணியைப் பற்றி லொரெட்டாவிடம் வாய் கொடுத்தால் தப்பிக்க முடியாது. எந்த வருடம் எவன் எந்த மூலையில் பந்தைக் கோட்டைவிட்டான் என்பது வரை புட்டுப்புட்டு வைப்பாள். முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள், சிவப்பு விளக்கில் நிற்கும்போதுகூடப் பயணிகளுக்குப் பழைய ஸ்கோர் சொன்னவள். அப்பேர்ப்பட்டவள் கஸ் மதுக்கடையின் வினாடிவினாவில் நான்கு வருடமாக டுவெய்ன் பிக்கெட்டிடம் தோற்றிருக்கிறாள் என்றால் வயிறு எரியாதா?

சீசன் தொடங்குவதற்கு முந்தைய மதியம் நடக்கும் போட்டி அது. கடைக்கு எதிரேதான் மைதானம். ஜெயிப்பவர் மறுநாள் அங்கே இறங்கி, சம்பிரதாயமாக முதல் பந்தை எறிந்து சீசனைத் தொடங்கிவைக்கலாம்.

இந்த முறை இருவரும் சமமாக வந்து நின்றார்கள். கடைசிக் கேள்வி லொரெட்டாவுக்கு. தவறினால் டுவெய்னுக்குப் போகும். கடைக்காரர் கஸ் அட்டையைப் படித்தார்: இருபத்தேழாம் நம்பர் சட்டை போட்டு ஹெரன்ஸுக்காக ஆடியவர்கள் எத்தனை பேர்?

அணியின் புத்தகத்தில் ஆறு பேர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் லொரெட்டா சொல்வாள். ஆனால் பக்கத்து மேசையில் அவள் புருஷன் வர்ஜில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அவன்தான் ஏழாவது ஆள்.

1983 மே மாதத்தில் ஒரு நாள், சிறிய லீகில் ஆடிக்கொண்டிருந்தவனை அவசரமாகக் கூப்பிட்டார்கள். அவனுக்கென்று சட்டை தைக்க நேரமில்லை. அலமாரியில் தொங்கிய ராமிரோ ஒசோரியோவின் இருபத்தேழை மாட்டிவிட்டார்கள். ஆட்டத்தின் கடைசிச் சுற்றான ஒன்பதாவது இன்னிங்ஸில், பந்து பிடிக்க வலது மூலையில் நிறுத்தினார்கள். ஆளை மாற்றியதை மேனேஜர் நடுவரிடம் சொல்ல மறந்தார். ஸ்கோர் எழுதியவர் நம்பரைப் பார்த்தார், ஒசோரியோ என்று எழுதிவிட்டார். எதிரணியில் மூன்று பேர் அவுட் ஆனதும் ஆட்டம் முடிந்தது, வர்ஜில் பக்கம் ஒரு பந்துகூட வரவில்லை. மறுநாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அணி அலுவலகத்துக்கு எத்தனை கடிதம் போட்டும் புத்தகத்தில் இல்லை என்ற ஒரே பதில்தான். ஊரில் அவன் கதை சிரிப்புக் கதையாகிவிட்டது.

ஆறு என்றால் வெற்றி. சொன்னால், புருஷனைப் பொய்யன் என்று அவளே ஊர் முன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி.

“ஏழு” என்றாள்.

கடை கொல்லென்று சிரித்தது. டுவெய்ன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

“ஏம்மா லொரெட்டா, வீட்டுக்காரரோட கனவையெல்லாம் கணக்குல சேத்தா எப்படி? அப்ப நான்கூட ஒரு சீசன் ஆடியிருக்கேனே.”

வர்ஜில் எழுந்து தொப்பியை எடுத்தான். கஸ் சங்கடத்தோடு புத்தகத்தைப் புரட்டி, ஆறுதான் என்றார். லொரெட்டா விடவில்லை. வர்ஜில் ஆடிய அந்த ஆட்டத்தின் பக்கத்தை எடுக்கச் சொன்னாள், தேதியை உரக்கப் படிக்கச் சொன்னாள். மே பதினான்கு என்று படித்தார் கஸ்.

பரிசு கொடுக்க அழைத்திருந்த விருந்தாளி அப்போதுதான் கோப்பையைக் கீழே வைத்தார். அது ஒசோரியோவேதான். அந்த சீசன் பாதியிலேயே வேறு அணிக்குப் போனவர், நாற்பது வருடம் கழித்து இந்த ஊரில் கால் வைத்திருக்கிறார்.

“எந்தத் தேதின்னு சொன்னீங்க?”

கஸ் திரும்பப் படித்தார். எண்பத்து மூன்று, மே பதினான்கு, ஒன்பதாவது இன்னிங்ஸ், வலது மூலையில் ஒசோரியோ.

“அன்னிக்கு நான் மைதானத்துப் பக்கமே வரலீங்க. ஆஸ்பத்திரியில இருந்தேன். என் மூத்த பொண்ணு பொறந்த நாள் அது.” அவர் வர்ஜில் பக்கம் திரும்பினார். “என் சட்டைய யார் போட்டதுன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது. தோள்ல இறுக்கமா இருந்துச்சா, தம்பி?”

“கொஞ்சம்” என்றான் வர்ஜில். எடுத்த தொப்பியைத் திரும்ப மேசையில் வைத்தான்.

ஒசோரியோ பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே அடித்து, பக்கத்தில் வர்ஜில் ஸ்டானெக் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அலுவலகத்திடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். கஸ் அட்டையில் ஆறை அடித்து ஏழு என்று எழுதி, லொரெட்டாதான் ஜெயித்தாள் என்று அறிவித்தார். சிரித்த கடை எழுந்து நின்று கைதட்டியது. டுவெய்ன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து வர்ஜிலின் கையைப் பிடித்துக் குலுக்கினான்; மனுஷன் மோசமில்லை.

மறுநாள் நிறைந்த மைதானத்தில் லொரெட்டா பந்தோடு நின்றாள். அதைப் பிடிக்க அணியின் ஆள் ஒருவன் வருவதுதான் வழக்கம். அவள் ஒப்பவில்லை. இருபத்தேழு போட்ட சட்டையில், வலிக்கிற முழங்காலை மடக்கி, பந்தைப் பிடிக்க அவளுக்கு எதிரே வர்ஜில் உட்கார்ந்தான். அறிவிப்பாளர் அவன் பெயரை முழுசாகச் சொன்னார்.

லொரெட்டா எறிந்தாள். இந்த முறை பந்து அவனிடம் வந்தது.