இதில் சேராதவை

விலாவாரிக்காரர் தம் கொட்டேஷனில் 'இதில் சேராது' என்று எழுதியது எதுவும் முப்பது நாளைக்கு அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டாது. முதலில் இது தெரியவந்தது தையற்காரி வீட்டில். வெளிச்சுவருக்குப் பெயின்ட் இத்தனை லிட்டர், கூலி இத்தனை நாள் என்று தனித்தனியே எழுதிவிட்டு, வழக்கம்போல் கடைசியில் 'மழைச் சேதம் இதில் சேராது, விலை முப்பது நாள் செல்லும்' என்று முடித்தார். அந்த மாதம் தெருவெங்கும் முழங்கால் தண்ணீர். தையற்காரியின் மாடியில் மட்டும் அக்கம்பக்கத்துப் போர்வைகளெல்லாம் மொடமொடவென்று காய்ந்தன. முப்பத்தோராம் நாள் மழை வந்து, விட்டதையெல்லாம் சேர்த்துப் பெய்துவிட்டுப் போனது. 'கரையான் அரிப்பு சேராது' என்று எழுதிய இன்னொரு வீட்டிலிருந்து கரையான்கள் வரிசையாக வெளியேறியதைப் பார்த்தவர்கள் உண்டு.

அவருக்கு இதில் பெருமை இல்லை, கூச்சம்தான். குழாய், கதவு, பெயின்ட் என்று சில்லறை வேலை செய்கிறவர். செலவை விலாவாரியாக முன்பே எழுதிவிட்டால் மனிதர்களுக்குள் மனஸ்தாபம் வராது என்று நினைத்தார், அவ்வளவே. அந்தத் தாளை வீட்டுக்காரருக்கு முன்னால் ஆண்டவன் படித்துவிடுகிறான் என்பது அவர் நம்பிக்கை. ஆகவே தாம் அளக்காத எதையும் எழுதமாட்டார். மாமியார் வருகை சேராது என்று ஒரு வரி போடச் சொல்லிக் கெஞ்சிய மளிகைக்கடைக்காரரை, "உங்க மாமியாரை நான் அளந்ததில்லையே" என்று திருப்பி அனுப்பினார்.

பிறகு டைப்பிஸ்ட் அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். ஒரு காய்ச்சலுக்குப் பின் அவள் தங்கைக்குக் கால் நிலைகொள்ளவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விழுந்தாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆபீஸில் விரல் தட்டிக்கொண்டிருந்தாலும் அக்காவின் காது வீட்டில்தான் இருக்கும். கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவரில் கைப்பிடிக் கம்பி வேண்டும் என்றாள். அளந்தார். கம்பி பதினெட்டடி, கிளாம்ப் பன்னிரண்டு, கூலி ஒரு நாள். நடுவில் நாலடிக்கு அறை வாசல். அங்கே கம்பி போடச் சுவர் இல்லை.

"அந்த நாலடிக்கு என்னண்ணே பண்றது?"

அவர் டேப்பைப் பார்த்தார். அந்த நாலடியும் அவர் அளந்ததுதானே. 'வாசல் இடைவெளி நாலடி. அங்கே விழுவது இதில் சேராது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வேலை முடிந்த அன்று தங்கை இந்தப் பக்கக் கம்பியை விட்டாள். அவள் பாதங்கள் தரையிலிருந்து நாலு விரற்கடை எழும்பின. தண்ணீரில் இலை போவதுபோல் மெல்ல நகர்ந்து அந்தப் பக்கக் கம்பியைப் பிடித்தாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு முப்பதாம் நாளும் அவர் கூப்பிடாமலே வந்தார், மறுபடி அளந்தார், புதுத் தேதியிட்டு 'கூலி: இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். பதினோரு வருஷம் இப்படிப் போயிற்று.

பன்னிரண்டாம் வருஷம் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தனிக்கட்டை. இருபத்தொன்பதாம் நாள் அக்கா தாளும் பேனாவுமாக அவர் கட்டிலருகே வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அளக்காம எழுதமாட்டேன்மா. டேப்பை எடுத்துட்டுப் போங்க. நீங்களே அளந்து நீங்களே எழுதுங்க."

"நான் டைப்தான் அடிப்பேன். அது பலிக்குமாண்ணே?"

"அளவு நெசமா இருந்தா எதுல எழுதினா என்ன?"

முப்பத்தோராம் நாள் காலை தங்கை வாசலில் நின்றாள். அக்கா இரு கையையும் ஏந்திக்கொண்டு எதிரே நின்றாள். தங்கை கம்பியை விட்டாள். ஏந்திய கைகளுக்குச் சற்று மேலாகவே மிதந்து வந்து சேர்ந்தாள்.

அன்று மாலையே அக்கா டேப்போடு அவர் வீட்டுக்குப் போய், மண்டியிட்டு, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே அளந்தாள். மறுநாள் டைப் அடித்த தாளைக் கொடுத்தாள். மூன்றடி எட்டு அங்குலம். விழுவது இதில் சேராது. கூலி: இல்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு முறை படித்தார். தேதி விட்டுப்போயிருக்கிறது என்றார். போட்டுக் கொடுத்தாள். அவர் எழுந்தார், கால் தரையை விட்டது. போகிற வழியெல்லாம் குனிந்து தரையையே கவனித்துக்கொண்டு போய், நாற்காலியில் அமர்ந்தார்.

"அளவு சரியாத்தான் இருக்கு" என்றார்.