செவலை ராட்ரேயின் இரும்புக் கம்பி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கைக்கு வந்தது. ஸ்கார்நெஸ் ஊரின் அலைத்தடுப்பு முனையில் மீனவர்கள் காத்திருக்கும் கூடம் ஒன்று உண்டு. காற்று தள்ளிய தள்ளில் அதன் சுவரோரம் குப்புற விழப் போனேன். இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புக் கம்பி இருந்தது, பிடித்துக்கொண்டேன். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. தினமும் யாராவது மெருகேற்றுகிறார்களா என்று பக்கத்தில் பைப் புகைத்துக்கொண்டிருந்தவரைக் கேட்டேன்.

"யாரும் ஏத்தல. பயந்து பயந்து தொட்டே இப்படி ஆயிருச்சு," என்றார்.

எதற்குப் பயம் என்றேன். முடிக்கு என்றார். மழை விட்டது, அவர் போய்விட்டார். மீதியை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. நான் எழுதுவதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதுதான் எழுத எழுத மாறிக்கொண்டே இருக்கிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி படர்ந்த ஸ்காட்லாந்து மலைச்சரிவில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்த அந்திப் பொழுதில், பின்னாளில் மாபெரும் கட்டடக் கலைஞனாக"

வேண்டாம். இந்தக் கதையில் ஆடே இல்லை. ஸ்கார்நெஸ்காரனுக்கு அலைதான் மலை.

அடுத்தது: "லாக்லன் ராட்ரே பிறந்ததும் மருத்துவச்சி குழந்தையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கொல்லன் பட்டறையில் சம்மட்டியைத் தொட்டாள்."

இது நிற்கும். காரணம், குழந்தைக்குச் சிவப்பு முடி. கடலுக்குக் கிளம்பும் மீனவன் காலையில் செம்முடிக்காரன் முகத்தில் விழித்தால் அன்று மீன் வராது. சில சமயம் மீனவனே வரமாட்டான். உடனே இரும்பைத் தொட்டால் தோஷம் கழியும். கைக்கெட்டும் தூரத்தில் இரும்பு இல்லையென்றால் திரும்பி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின்போது தூங்குகிறவர்கள் உண்டு. இந்த விதியை மறந்தவர் ஒருவரும் இல்லை.

ஊரில் எல்லாருக்கும் ஃபிளெட் என்று ஒரே குடும்பப் பெயர். அதனால் ஆளாளுக்குப் பட்டப்பெயர். வேறு பெயர் கொண்ட ஒரே குடும்பம், பீப்பாய் செய்யும் ராட்ரே குடும்பம். அவர்களுக்குப் பட்டப்பெயர் தேவையே இல்லை. இருந்தும் பையனுக்கு ஒன்று வைத்தார்கள்: செவலை.

படகுகள் கிளம்பிப் போகும்வரை செவலையை வீட்டை விட்டு வெளியே விடமாட்டார்கள். மாடி ஜன்னல் வழியாகத் தினமும் காலையில் அவன் பார்த்ததெல்லாம் கூரைகள், புகைபோக்கிகள், படிக்கட்டுகள், ஓடுகளின் இடுக்கில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பது. இப்படி வளர்ந்த பையன் வேறு என்னவாக ஆகியிருக்க முடியும்?

3

[இங்கே ஒரு காதலுக்கு இடம் விட்டிருந்தேன். யாரும் வரவில்லை. மேலே போகலாம்.]

4

அபர்டீனில் கல்தச்சர்களிடம் தொழில் பழகினான். எடின்பரோவில் ஒரு வங்கி கட்டினான். அதன் தூண்கள் எவ்வளவு கம்பீரமென்றால் கடன் கேட்க வந்தவர்கள் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுத் திரும்பிப் போனார்கள். கிளாஸ்கோவில் ரயில்வே ஹோட்டல். அதன் படிக்கட்டில் அவ்வளவு சுலபமாக ஏறலாம். எண்பது வயதுப் பாதிரியார் ஒருவர் யோசனையாக ஏறிக்கொண்டே போய், கூரைமேல் நின்றபின்தான் தன் அறை முதல் மாடியில் என்பதை நினைத்துக்கொண்டார். டண்டியில் ஒரு மாளிகை. அங்கே புகைபோக்கி இழுத்த இழுப்பில் வீட்டுக்காரரின் பொய்முடி மேலே போய்விட்டதாகச் சொல்கிறார்கள். இதை நான் நம்பவில்லை. தொப்பி மட்டும்தான் போயிருக்கும்.

பட்டங்கள், பதக்கங்கள், விருந்துகள் எல்லாம் வந்தன. ஆனால் ராட்ரேக்கு வேண்டியது வேறு. காலை வெளிச்சத்தில், எல்லாரும் பார்க்க, ஸ்கார்நெஸ் அலைத்தடுப்பில் நடந்துபோய், தான் கட்டிய ஒரு கட்டடத்துக்குள் நுழைய வேண்டும். ஸ்காட்லாந்து முழுக்க அவனுக்குக் கதவு திறந்தது. பிறந்த ஊரில் மட்டும் அவன் ஜன்னலோடு சரி.

5

இப்போது எல்ஸ்பெத் ஃபிளெட் வருகிறாள். பட்டப்பெயர் நங்கூரம். இரண்டு படகுகளுக்கு எஜமானி, மூன்று மகன்களுக்குத் தாய், ஊருக்குக் கடைசி வார்த்தை. இவளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. கொஞ்சம் இளகிய மனசு வைத்து ஒரு முறை எழுதிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் அவள் ராட்ரேக்கு மீன் சூப்பும் ஓட்ஸ் ரொட்டியும் கொடுத்தாள். மறுநாள் படித்தபோது சூப் ஆறிப்போயிருந்தது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

நடந்தது இது. முந்தைய ஆண்டு வந்த புயலில் அலைத்தடுப்பு முனையில் படகுகளுக்காகக் காத்திருந்த இரண்டு பெண்களைக் கடல் கொண்டுபோனது. அங்கே ஒரு கூடம் வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்தது. துறைமுகக் குழு, நாட்டிலேயே சிறந்த ஆளைப் பிடிக்கப்போகிறோம் என்று சொல்லி, ராட்ரேயின் பெயரைப் படித்தது. கூட்டத்தில் பாதிப் பேர் நாற்காலியின் ஆணியைத் தொட்டார்கள். நாற்காலி கிடைக்காதவர்கள் ஆணி வைத்திருந்தவர்களைத் தொட்டார்கள். எல்ஸ்பெத் எழுந்து தீர்ப்புச் சொன்னாள்.

"கட்டடத்தோட படம் வரட்டும். படத்துக்கு முடி கெடையாது. ஆளு வரக்கூடாது."

ஆள் வந்துவிட்டான். வேலை நடக்கும் இடத்தைப் பார்க்காமல் அஸ்திவாரம் போடுகிறவன் இல்லை அவன். மறுநாள் விடியற்காலை குறுகிய சந்தில் எல்ஸ்பெத்தின் மூன்று மகன்களும் வலையோடு எதிரே வந்தார்கள். மரமும் கல்லும் கயிறுமாக இருந்த சந்து. ஒரு துண்டு இரும்பு இல்லை. மூவரும் திரும்பி வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கென்று ஹெர்ரிங் மீன் கரையோரம் குவிந்தது. மற்ற படகுகளெல்லாம் விளிம்புவரை நிரம்பி வந்தன. எல்ஸ்பெத்தின் படகுகள் மட்டும் காலி. செவலையால்தான் என்பதற்கு ஊருக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

ராட்ரே அவள் வீட்டு வாசலுக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்டான். அவள் அடுப்பின் இரும்புக் கிடுக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"பெரிய பெரிய ஊர்ல எல்லாம் கோட்டை கட்டுறியாமே. எங்க வயித்துல ஏன்டா கட்ட வர்ற?"

"அக்கா, அந்தச் சந்துல இரும்பு இருந்திருந்தா பசங்க கடலுக்குப் போயிருப்பாங்கல்ல?"

"தொட்டுட்டுப் போயிருப்பானுங்க. அதான் இல்லையே."

ராட்ரே நன்றி சொல்லிவிட்டுப் போனான். எதற்கு நன்றி என்று அவளுக்குப் புரியவில்லை. வாசகர்களில் சிலருக்குப் புரிந்திருக்கும். நடுவில் புகுந்து சொல்ல வேண்டாம்.

6

அவன் வரைந்த புதிய படத்தில் ஒரு கோடு கூடியிருந்தது. ஊரின் முதல் வீட்டுச் சுவரில் தொடங்கி, சந்துகள் வழியாக, அலைத்தடுப்பின் நெடுகிலும் ஓடி, கூடத்தைச் சுற்றி, கதவோரச் சுவரைத் துளைத்து உள்ளே புகுந்து, உள்சுவர் நான்கையும் வளைத்துவரும் இரும்புக் கம்பி. இடுப்பு உயரம். விடாமல் ஒரே கோடு. எதற்கு என்று கூடம் கட்ட வந்த கல்தச்சர் கேட்டார். பொதுமக்கள் நலனுக்கு என்றான் ராட்ரே. வெளியே சரி, உள்ளே எதற்கு என்றார். ராட்ரே படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கட்டடக் கலை படித்த ஒருவர், இந்தக் கம்பி "வானத்துக்கும் கடலுக்கும் நடுவே மனிதன் இழுத்த தியானக் கோடு" என்று என்னிடம் விளக்கினார். நான் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டேன்.)

கம்பி போட்டபின் ஊரில் பெரிய விவாதம். தொட்டுக்கொண்டே செவலையைக் கடந்து போகலாமா, தொட்டுவிட்டுப் பிறகு கடக்க வேண்டுமா? எல்ஸ்பெத் ஒரு வாரம் யோசித்தாள். இரும்பு இருக்கும் வழியில் செவலை நடந்தால் விதிப்படி குற்றம் இல்லை, ஆனால் கூடத்தின் நிலைப்படியைத் தாண்டக்கூடாது, அவன் நின்ற கூரைக்குக் கீழே எந்தப் பெண்ணும் படகுக்குக் காத்திருக்க மாட்டாள் என்று முடிவு சொன்னாள்.

அப்படித்தான் ஐம்பது வயதில் ராட்ரே முதல் தடவையாகக் காலையில் தன் ஊரில் நடந்தான். எதிரே வந்தவர்கள் கம்பியைத் தொட்டார்கள், குட்மார்னிங் சொன்னார்கள், கடலுக்குப் போனார்கள். மீனும் கிடைத்தது. கூடம் எழுந்தது. கூரை ஏறியது. உள்ளே கணப்பு எரிந்ததை அவன் வெளியே நின்று புகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். புகைபோக்கி நன்றாக இழுத்தது.

7

புயல். இதை விவரிக்கப் போவதில்லை. "வானம் பிளந்து கடல் கொந்தளித்து" என்று ஆரம்பித்து

போதும். நடுப்பகலில் இருட்டிவிட்டது, அவ்வளவுதான். கடலில் இருந்த படகுகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அலைத்தடுப்பின் உட்புறம் வந்து மோதின. ஆட்கள் கல்மேல் தாவினார்கள். கூடம் நாற்பது தப்படி தூரம்தான், ஆனால் ஒவ்வொரு அலையும் அந்த நாற்பது தப்படியையும் கழுவிக்கொண்டு போனது. பெண்கள் கூடத்தின் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். போன புயலில் இதே இடத்தில்தான் அந்த இருவரும் போனார்கள்.

இந்தத் தடவை கம்பி இருந்தது. ஒரு கை மாற்றி ஒரு கை, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வந்தார்கள். கம்பி வளைந்து திரும்பும் மூலையில்தான் ஆபத்து. அங்கே அலை நேராக அடிக்கும், ஒருவனைப் பிடித்து இழுத்து மறுபுறம் விட இன்னொரு ஆள் வேண்டும். அந்த மூலையில் ஆள் நின்றுகொண்டிருந்தான். தொப்பி எப்போதோ பறந்துவிட்டது. நனைந்தால் சிவப்பு இன்னும் சிவப்பாகும்.

முதலில் வந்தவன் எல்ஸ்பெத்தின் மூத்த மகன். ஒரு கையில் கம்பி. நீட்டிய மறு கையை ராட்ரே பற்றினான். ஒரு கணம் இருவரும் முகத்தோடு முகம் பார்த்தார்கள்.

"இரும்பு தொட்டிருக்கேல்ல?" என்றான் ராட்ரே.

"தொட்டிருக்கேன்."

"அப்ப வா."

இப்படியே ஒவ்வொருவராக. ஒரு கையில் இரும்பு, மறு கையில் செவலை. ஊர் விதிப்படி ஒரு குற்றமும் இல்லை. எல்லாப் படகின் எல்லா ஆட்களும் கூடத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் குறையவில்லை. இந்த வரியை எழுதும்போது எழுந்து அறைக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். என் வயதில் இப்படி ஒரு வரி எழுதக் கிடைப்பது அபூர்வம்.

காற்றில் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. யாரோ பழக்கத்தில் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். நிலைப்படிக்கு வெளியே ராட்ரே நின்றான். தட்டவில்லை. தாண்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா.

8

முடிவுகள்.

ஒன்று: அடுத்த அலை அவனைக் கொண்டுபோகிறது, ஊர் அழுது சிலை வைக்கிறது. முடியாது. சிலை வைக்க வசதியாக ஆளைக் கொல்லும் பழக்கம் எனக்கில்லை.

இரண்டு: உப்புத் தண்ணீரில் முடி வெள்ளையாகிவிடுகிறது; இனி தடையில்லை என்று உள்ளே விடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏமாற்று. அவன் போனால் சிவப்பாகத்தான் போக வேண்டும்.

மூன்று: உள்ளே எல்ஸ்பெத் தலைகளை எண்ணி முடித்துவிட்டாள். சரியாக இருக்கிறது என்றாள். மூத்த மகன், "வெளிய ஒரு ஆளு இருக்காரும்மா," என்றான். அவள் கதவைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். நான்கு சுவரையும் வளைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் போதுமான நீளத்தில், ஒரு கம்பி. உள்ளே எதற்கு என்று கல்தச்சர் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தது இப்போது அவளுக்கு நினைவு வந்தது. சிரிப்பும் வந்தது. ஊரில் யாரும் அவள் சிரித்துப் பார்த்ததில்லை.

"எல்லாரும் செவத்தோரமாப் போங்க. கம்பியப் புடிச்சுக்கோங்க. அந்தச் செவலைய உள்ள கூப்பிடப் போறேன்."

கிழவர்கள், பெண்கள், ஈரம் சொட்டும் ஆண்கள், இடுப்பில் குழந்தையோடு இருந்தவர்கள், எல்லாரும் போய்ப் பிடித்துக்கொண்டார்கள். எல்ஸ்பெத்தும் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். மறு கையைக் கதவை நோக்கி நீட்டினாள். அவள் நின்ற இடத்திலிருந்து தாழ்ப்பாள் எட்டவில்லை. கம்பியை விடவும் அவளுக்கு மனமில்லை.

கதவுக்குப் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான். நான் எட்ட முடியாத தூரத்தில் இருக்கிறேன், எழுதுகிறவனுக்கு அந்த இடம்தான். ஊரே உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தாழ்ப்பாளும் இரும்புதான். தயங்காமல் தொடலாம்.