நாடா கட்டிய கிளை

மாவுக்கட்டுக்குள் மணிக்கட்டு விடிவதற்கு முன்பே வலிக்கத் தொடங்கிவிட்டது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளலாம். கட்டுக்குள் ஊறிய அரிப்பைத்தான் கினுவேயால் தாங்க முடியவில்லை. கோடைக்கு முந்தைய மழைக்காலத்து ஈரம் உள்ளே இறங்கி, தோல் புளித்த வாடை வீசியது. கமேலியாப் பூமரத்தை ஒட்டுக்கட்டும் பருவம் இது. இந்தச் சில வாரங்களில்தான் புதுக்குச்சி பதமாக இருக்கும். முந்தி வெட்டினால் துவண்டுபோகும், பிந்தி வெட்டினால் விறைத்துப்போகும். பூத்து முடிந்த மரங்களைக் கழித்துவிடத்தான் ஏணியில் ஏறினாள். கழிக்கும் வேலையைத் தள்ளிப்போடவும் முடியாது. கோடை நடுவில் அடுத்த வருஷத்து மொட்டு கட்டிவிடும், அதற்கப்புறம் வெட்டுகிறவன் பூவைத்தான் வெட்டுகிறான். நனைந்த படி வழுக்கியது. ஊன்றியது வலது கை. கத்தி பிடிக்கும் கை.

அடுப்படி ஜன்னலுக்கு வெளியே, பின்சுவரை ஒட்டி அந்தச் சிவப்புக் கமேலியா மரம் மழையில் நின்றுகொண்டிருந்தது. இலைகள் மஞ்சளடித்துத் தொங்கின. போன வாரம் அவள் கணவன் தமோட்சு வேரைத் தோண்டிப் பார்த்தார். சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் படர்ந்திருந்தது. அந்தப் பூஞ்சை நோய் வேரில் ஏறிவிட்டால் மருந்து கிடையாது. அடுத்த வசந்தத்தை மரம் பார்க்காது.

மரம் போவதில் ஒன்றுமில்லை. அந்தச் சிவப்பு ஒற்றையடுக்குப் பூ க்யூஷு தீவில் எந்த மலையில் ஏறினாலும் கிடைக்கும். ஆனால் சுவர்ப்பக்கம் நீண்ட ஒரேயொரு கிளையில், இரண்டு வசந்தத்துக்கு முன்னால், வேறு பூ வந்தது. வெளிறிய ரோஜா நிறம், இதழ் ஓரத்தில் துணிக்குக் கரை வைத்தாற்போல வெள்ளை. மறுவருஷமும் மாறாமல் வந்தது. சின்னச் செடிப்பண்ணைக்காரர்கள் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தும் கிடைக்காத விஷயம் அது. பெயர் தெரிந்த ரகங்களைப் பெரிய பண்ணைகள் மலிவாகக் கொட்டி விற்கின்றன. சந்தையில் கினுவேயிடம் வருகிறவர்களுக்கோ ஆயிரம் கேள்வி. வயதானவர்களுக்குத் தலை உருண்டாற்போல முழுப்பூவாக விழுகிற ரகம் ஆகாது. ஒவ்வோர் இதழாகச் சிதறும் சசன்குவா ரகத்தைக் கொடு என்பார்கள். அடுக்குப்பூ கேட்கிறவர்களிடம், அது கிளையிலேயே பழுப்பேறித் தொங்கும், கிள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். தேநீர்க்கூடம் வைத்திருக்கிறவர்களுக்கு மகரந்தமே இல்லாத, பாதி விரிந்த குட்டிப்பூ வேண்டும். வேறெங்கும் கிடைக்காத ஒன்று இருந்தால்தான் இந்தப் பண்ணை நிற்கும். கிளை பிழைத்தால் பண்ணை பிழைக்கும். இல்லாவிட்டால் நிலத்தை விற்றுவிட்டு, இந்த வயதில் அவரும் அவளும் அடுத்தவன் பண்ணையில் கூலிக்குக் களை பிடுங்க வேண்டியதுதான்.

தமோட்சு ஊறுகாய் முள்ளங்கியை மென்றுகொண்டே சொன்னார்: "கென்ஸோவ வரச் சொல்லிருக்கேன்."

"யார?"

"பக்கத்துப் பண்ணை கென்ஸோவ. ஒட்டுக் கட்ட."

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"உனக்குக் கை இல்ல, எனக்குக் கண்ணு இல்ல. ரெண்டு பேருக்கும் வாய் மட்டும் வஞ்சனையில்லாம இருக்கு. வாயால ஒட்டுக் கட்டத் தெரிஞ்சா சொல்லு, அவன வர வேணாம்னுடறேன்."

கென்ஸோவின் அப்பன், தமோட்சுவின் அப்பா காலத்தில், இந்தத் தோட்டத்திலிருந்து ஒரு குச்சியைத் துண்டில் சுருட்டிக் கொண்டுபோய் வேறு பெயர் வைத்து விற்றவன். விரல் நீளக் குச்சி போதும். ஒரு ரகம் முழுக்கச் சட்டைக் கைக்குள் போய்விடும். அதனால்தான் மார்ச் மாதம் பூ நேரத்தில் கென்ஸோவின் தலை இரண்டு தடவை சுவருக்கு மேலே தெரிந்ததும் கினுவே ஒரு காரியம் செய்தாள். அடையாளத்துக்காக அந்தக் கிளையில் கட்டியிருந்த நீல நாடாவை அவிழ்த்து, எதிர்ப்பக்கத்துச் சாதாரணக் கிளையில் கட்டினாள். திருடுகிறவன் வெறும் சிவப்பைத் திருடிக்கொண்டு போகட்டும். தமோட்சுவிடம் சொல்லவில்லை. அவருடைய மங்கிய கண்ணுக்கு நீலம் எங்கே தெரிகிறதோ அதுதான் கிளை. பண்ணைக்காரர் சங்கத்து விருந்தில் இரண்டு கோப்பை ஷோச்சுச் சாராயம் உள்ளே போனால் இதைச் சொல்லிச் சிரிக்கிற முதல் ஆள் அவர்தான்.

சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் கென்ஸோ வந்துவிட்டான். ஐம்பது தாண்டிய, கழுத்து குட்டையான ஆள். தொப்பியைக் கழற்றிக் குனிந்தான்.

"அக்கா, கை எப்படி இருக்கு?"

"கட்டுக்குள்ள இருக்கு."

"அங்க பாரு, நீல நாடா கட்டின கிளை, அதான்," என்றார் தமோட்சு பெருமையாக. "அதுல உள்ள குச்சி அத்தனையும் எடுத்துக்கோ."

அது இல்லை, இது என்று சொல்லக் கினுவேக்கு ஒரு வாக்கியம் போதும். சொன்னால், நாடா ஏன் இடம் மாறியது என்று தமோட்சு அங்கேயே கேட்பார். மழையில் வேலை செய்ய வந்து நிற்கிறவனிடம், 'நீ திருடன் என்று நினைத்தேன்' என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதான். நாளைக்கு நானே இடது கையால் கட்டிக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

கொட்டகையின் கீழே கென்ஸோ உட்கார்ந்தான். ஒட்டைத் தாங்கும் வேர்ச்செடியின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, இரண்டு இலை விட்ட குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகினான். தோலோடு தோல் சேர்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு ஒட்டு நாடாவைச் சுற்றினான். அவன் பெருவிரலில் கத்தி பட்டுப் பட்டு வரிவரியாகத் தழும்பு இருந்தது. கினுவேக்கும் அதே இடத்தில் அதே தழும்பு. அடுப்படிக்குப் போய் ஒரு கையால் சோற்றுருண்டை பிடித்து எடுத்துவர அவளுக்கு வெகுநேரம் ஆனது. திரும்பி வந்தபோது கென்ஸோ இன்னொரு வரிசைக்கு வேர்ச்செடி கேட்டு வாங்கி, அதையும் பாதி கட்டியிருந்தான்.

"வேர்ச்செடி மீந்து கெடந்துச்சு அக்கா, வீணாப் போவானேன். இது பின்வரிசையில நிழல் வலைக்குக் கீழ இருக்கட்டும்."

"கட்டு, கட்டு," என்றார் தமோட்சு. "அவ உருண்டை பிடிச்ச வேகத்துக்கு நீ தோப்பே வச்சிருக்கலாம்."

கிளம்பும்போது கென்ஸோ வாசலில் நின்று பையை வெளியே இழுத்துக் காட்டினான். துண்டை உதறினான், கையுறையைக் கவிழ்த்துத் தட்டினான். அடுத்தவன் தோட்டத்தில் கத்தி பிடித்தவன் காட்ட வேண்டிய மரியாதை அது. யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, வேண்டாம் வேண்டாம் என்று கையசைப்பார்கள். கினுவே உற்றுப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் கத்தியோடு சுவர்ப்பக்கம் போய்க் கிளையை இழுத்துப் பார்த்தாள். அந்தக் கிளையில் நல்ல குச்சிகளெல்லாம் போயிருந்தன. சாய்வெட்டு, சுத்தமான வெட்டு, நேற்றையது. அவள் அடுப்படியில் இருந்தபோது வெட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டிருக்கிறான். பையை உதறினதெல்லாம் நாடகம். மிச்சமிருந்த நோஞ்சான் குச்சிகளை இடது கையால் சீவினாள். கத்தி கோணியது. கட்டியவையெல்லாம் சில நாளில் கறுத்து அழுகிப்போயின.

யாரிடம் சொல்வது? சொன்னால் பேச்சு நாடாவில் வந்து நிற்கும். கோடை முடியுமுன் மரம் செத்தது. வேரோடு தோண்டி எரித்தார்கள். பிடித்துக்கொண்ட ஒட்டுச்செடிகளைத் தமோட்சு குழந்தைகளைப் போல எண்ணிப் பார்த்துப் பூரித்தபோதெல்லாம், அத்தனையும் வெறும் சிவப்புதான் என்று தெரிந்தவள் வேறு பக்கம் போய்க் களை பிடுங்கினாள். கட்டுப் பிரித்த கை சரியாக மடங்கவில்லை. குளிர்காலத்தில் பண்ணைக்காரர் சங்கத்து விருந்து நடந்தது. கென்ஸோ தன் கோப்பையை நீட்டினான். அவள் ஊற்றவில்லை.

"இவங்க வீட்டு ஆளுங்க துண்ட உதறினாப் போதாது," என்றாள், எல்லோருக்கும் கேட்க. "மடியையும் அவுத்துப் பாக்கணும். அப்பன் கை மகனுக்கு வராமப் போகுமா?"

கூடம் சிரித்தது. பழைய கதை எல்லோருக்கும் தெரியும். கென்ஸோவும் தலையைக் குனிந்து கொஞ்சம் சிரித்தான். அவன் காது மட்டும் சிவந்திருந்தது. ஷோச்சுவால் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முதல் வருஷத்து ஒட்டில் மொட்டைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் செடியின் தெம்பு அதில் போய்விடும். தமோட்சு திருட்டுத்தனமாக வரிசைக்கு ஓரிரண்டு விட்டுவைத்திருந்தார். மார்ச்சில் முன்வரிசை விரிந்தது. சிவப்பு. தமோட்சு முகத்தைப் பூவுக்குள்ளேயே வைத்துப் பார்த்தார்.

"கினுவே, என் கண்ணு ரொம்ப மோசமாயிடுச்சா? கரை தெரியலையே."

அவள் பின்வரிசைப் பக்கம் போனாள், அழுவதற்குத்தான். வலையைத் தூக்கினாள். முழங்கால் உயரச் செடி ஒன்றில், அதன் தலையைவிடப் பெரிய பூ. வெளிறிய ரோஜா. ஓரத்தில் வெள்ளைக் கரை. அடுத்த தொட்டியில் இன்னொன்று, வாய் பிளக்கிற மொட்டு, நுனியில் வெள்ளை. ஈர மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் வெட்டின குச்சியெல்லாம் எங்கேயும் போகவில்லை. அவள் தோட்டத்தில், அவள் வலைக்குக் கீழே, அவள் ஊற்றின தண்ணீரைக் குடித்துக்கொண்டு வருஷம் முழுக்க இருந்திருக்கின்றன. மடங்காத கையைப் பூவுக்குக் கீழே கொடுத்தாள். பூவின் கனம் உள்ளங்கையில் இறங்கியது. யாருக்கென்று இல்லாமல், வாய் தானாக நன்றி சொன்னது. மழைக்கு, மீந்துபோன வேர்ச்செடிக்கு, தழும்பேறிய அந்தப் பெருவிரலுக்கு.

கென்ஸோ தன் வேலிப்பக்கம் தழை உரம் அள்ளிக்கொண்டிருந்தான். அவள் பூத்த தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றாள்.

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

அவன் மண்வெட்டியை ஊன்றினான். "போன வருஷம் பூ நேரத்துல சுவரு மேல எட்டிப் பாத்தேன் அக்கா. கரை போட்ட பூவெல்லாம் சுவரோரமா மல்லாந்து கெடந்துச்சு. முழுப்பூவா நேரா விழுற சாதிதானே. பூ கெடக்குற எடத்துக்கு மேல எது இருக்கோ அதான் கிளை. நாடா எதிர்ப்பக்கம் இருந்துச்சு. காத்துல அவுந்து போயிருக்கும்னு நெனச்சேன்."

நாடாவைக் காற்று அவிழ்க்கும், முடிச்சுப் போடாது. இருவருக்கும் தெரியும்.

"அப்பவே தெரிஞ்சும்..." திருட நினைத்திருந்தால் அந்த மார்ச்சிலேயே ஒரு குச்சி போதுமாயிருந்திருக்கும். "ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே."

"அண்ணன் பக்கத்துல நின்னாரு. அவர் முன்னால எப்படிச் சொல்றது? அப்புறம் சொல்லிருந்தாலும் நீங்க நம்பிருப்பீங்களா? பூத்தாத் தானாத் தெரியும்னு விட்டுட்டேன்."

"ரெண்டு தொட்டி எடுத்துக்கோ, கென்ஸோ."

"இப்ப வேணாம். நீங்க மொதல்ல செடியப் பெருக்குங்க, பேரு வைங்க, வித்துப் பாருங்க. அண்ணன் இதுக்கும் என்னைக் காசில்லாம கட்ட வச்சிருவாரு, அது வேற கதை."

அவள் சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். "அன்னிக்கு விருந்துல நான் பேசினது..."

"கை மடங்குதா அக்கா இப்ப?" என்றான் அவன் சட்டென்று. உரக்குவியலையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மறுபடி சிவந்திருந்தது.

அவள் மணிக்கட்டை மடக்கிக் காட்டினாள். பாதிதான் மடங்கியது. அவன் தலையாட்டிவிட்டு அள்ள ஆரம்பித்தான். அவனுடைய மரத்தில் வெள்ளைக்கண்ணிக் குருவி ஒன்று முகமெல்லாம் மகரந்தத்தை அப்பிக்கொண்டு பூவுக்குப் பூ தாவியது. அது தொற்றிய கனத்தில் ஒரு பூ காம்பைவிட்டு, முழுசாக, அவர்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தது. கினுவே தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்தப் பூவை மிதிக்காமல் சுற்றி நடந்தாள். இங்கே வேலியோரம் முணுமுணுத்துத் தீர்கிற விஷயமில்லை அது. கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னது. சங்கத்து விருந்து இனிக் குளிர்காலத்தில்தான். அதே ஆட்களின் முன்னால் கென்ஸோவிடம் அவள் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி இருக்கிறது.