அம்பாசிடரின் நீலப் புகை

எங்கள் வீட்டு அம்பாசிடர் எண்ணெய் குடித்தது. பெட்ரோலைக் குடித்தால் யாரும் கேட்கப் போவதில்லை, கார் என்றால் குடிக்கத்தான் செய்யும். இது இன்ஜின் ஆயிலைக் குடித்துவிட்டுப் பின்னால் நீல நிறத்தில் புகையாக விட்டது. ஆம்பூர் பைபாஸில் எங்களைத் தாண்டிப் போகிறவர்கள் கண்ணாடியை இறக்கி, புகை வருகிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எங்களுக்குத் தெரியாது பாருங்கள்.

வண்டி என் கணவர் டேனியலுடையது. பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்டாக இருக்கிறார். இரண்டு வருடம் அந்தப் பழைய இன்ஜினோடு கிடந்து, புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டு, போன நவம்பரில்தான் ஓடவைத்தார். கட்டிக் கொடுத்தவர் மெக்கானிக் ஹம்மாத். முதல் மாதம் ஒரே ஒரு தொல்லைதான். இன்ஜினிலிருந்து கீழே தொங்கும் ஒரு குழாயின் நுனியில் ஆயில் சொட்டி, நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய வாசல் டைல்ஸெல்லாம் கறை. அதைக்கூட நான்தான் தீர்த்துவைத்தேன். நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியின் துண்டுத் தோலில் ஒரு சின்னக் கிண்ணம் தைத்து, குழாய் நுனியைக் கவ்விப் பிடிக்கும்படி வாரும் பக்கிளும் வைத்து, கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்தேன். அந்தக் காருக்காக நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜனவரியில் புகை ஆரம்பித்தது.

ஹம்மாத் ஷெட்டுக்கு வண்டி மூன்று தடவை போனது. ஒரு தடவை வால்வ் சீலை மாற்றினார். அடுத்த தடவை இன்ஜின் ஹெட்டை இறக்கிப் பார்த்தார். மூன்றாவது தடவை புது ரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னொரு புது ரிங் போட்டார். வேடிக்கை என்னவென்றால் அவர் ஷெட்டில் துளிப் புகை கிடையாது. வாணியம்பாடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டே நாளில் மறுபடி தொடங்கிவிடும். ஹம்மாத் என் கணவர் வண்டி ஓட்டும் லட்சணத்தைச் சந்தேகப்பட்டார். என் கணவர் ஆயில் டப்பாவைச் சந்தேகப்பட்டார். நான் அவர்கள் இரண்டு பேரையும் சந்தேகப்பட்டேன்.

நான் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். பதினாறு வருடமாகக் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஒரு தையல் விலகியிருந்தால் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்புகிறவள், வீட்டில் ஒரு காரோடு மாரடிக்க வேண்டியிருந்தது.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் டேனியல் வண்டியை ஸ்டார்ட் செய்தார். வெள்ளைச் சேலையில் நின்றிருந்த பாடகர் குழு மொத்தமும் புகைக்குள் காணாமல் போனது. ஒவ்வொருவராக இருமிக்கொண்டே வெளியே வந்தார்கள். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்.

"ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அவர் சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நேராகக் காட்பாடியில் பழைய வண்டி வாங்கும் ஒருவருக்குப் போன் செய்து, சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அந்த ஆள் பள்ளிகொண்டா தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. டேனியல் வண்டியை ஸ்டார்ட் செய்து தெருவில் நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே படுத்து எதையோ இழுத்தார். புஸ்ஸென்று காற்று இறங்கும் சத்தம். எழுந்தபோது அவர் கையில் என் தோல் கிண்ணம் இருந்தது.

"இத மட்டும் அவருக்குக் குடுக்க மாட்டேன் பிரிசில்லா. நீ எனக்காகத் தச்சது."

அந்தச் சத்தம் என்னை ஏதோ செய்தது. எப்போதும் இதை மாட்டித்தான் வைத்திருப்பாரா என்று கேட்டேன்.

"ஷெட்டுக்கு உடும்போது மட்டும் கழட்டி உள்ள வெச்சிடுவேன். அங்க கிரீஸ் பட்டா பாழாயிடும்ல."

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிண்ணம் மாட்டிய வீட்டில் புகை, கழற்றிய ஷெட்டில் புகை இல்லை. கிறிஸ்துமஸில் கொடுத்தேன், ஜனவரியில் ஆரம்பித்தது. கம்பெனியில் ஒரு குறை வந்தால் எந்தத் தேதியிலிருந்து என்றுதான் முதலில் கேட்பேன். என் வீட்டில் அதைக் கேட்கவே இல்லை. ஆயில் ஊறக் கூடாது என்று, காற்றுகூடப் புகாத பூச்சுத் தோலாகப் பார்த்துப் பொறுக்கியவளும் நான்தான்.

அரைமணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வண்டி போய்விடும். யாருக்கும் தெரியாது. பொய் சொல்வானேன், அப்படியும் நினைத்தேன். அவரோ அந்தக் கிண்ணத்தைத் தன் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஹம்மாத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அக்கா, இன்ஜின் மூச்சு உட்ற பைப்புக்கா அது. அத அடைச்சா உள்ள காத்து முட்டி ஆயில மேல தள்ளும். ரெண்டு மாசமா பேஜாராயிட்டேன்கா நானு."

டேனியல் குழாயைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. காட்பாடிக்காரரைத் திரும்பிப் போகச் சொன்னது நான்தான். அந்த ஆள் திட்டியதைக் கேட்டுக்கொண்டதும் நான்தான். பிறகு இரண்டு பேரும் ஆலங்காயம் வரை ஓட்டிப் பார்த்தோம். போகும்போது கொஞ்சம் மிச்சப் புகை இருந்தது. திரும்பும்போது நான் பின்பக்கமே கழுத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தேன். வெறும் சாலைதான் தெரிந்தது. என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கிண்ணத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

"ஓட்ட போட்டுக் குடு. மாட்டிக்கறேன்."

ஓட்டை போட்டால் ஒழுகுமே என்றேன். ஒழுகட்டும் என்றார்.

திங்கட்கிழமை கம்பெனியில் தோலுக்குத் துளை போடும் பஞ்ச் மெஷினில் வரிசையாக எட்டு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். இப்போது புகை இல்லை. தினமும் காலையில் உட்கார்ந்து டைல்ஸைத் தேய்க்கிறேன். ஆத்திரமாகத்தான் வருகிறது. யாரைத் திட்டுவது, எட்டு ஓட்டையும் நான் போட்டது.