பௌர்ணமி நாளில் வராதவர்

நூலக அறையின் நீள மேசையைச் சுற்றி மூன்று பேர். ஜன்னல் பக்கம், மலை முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, வணிகவியல் துறைத் தலைவர் சக்கரபாணி. அவருக்கு வலப்புறம், மின்விசிறிக்கு நேர் கீழே, விரிவுரையாளர் பரசுராமன். கதவோரம் ஸ்டூலில் நூலகர் ஜோதியம்மாள். யாராவது புத்தகம் கேட்டு வந்தால் எழுந்து போக வசதி. நாலாவது நாற்காலி காலி. அதற்கு ஆள் தேடத்தான் அன்றைய கூட்டம்.

1984 பங்குனி. கல்லூரியிலிருந்து தமிழில் ஒரு நிர்வாகவியல் ஆய்விதழ், மூன்று மாதத்துக்கு ஒன்று. முதல் இதழ் சித்திரையில் வர வேண்டும். ஆசிரியர் குழுவின் நாலாவது ஆள் கல்லூரிக்கு வெளியே, நாலு பேரை வைத்து வேலை வாங்குகிற இடத்திலிருந்து வர வேண்டும் என்பது சக்கரபாணியே போட்ட விதி. ஐந்து பேர் விண்ணப்பித்தார்கள். ஐவருக்கும் ஒரே கட்டுரையை, எழுதியவர் பெயர் இல்லாமல் அனுப்பி, ‘இதைப் போடலாமா, கூடாதா, காரணம் என்ன’ என்று கேட்டிருந்தார். வந்த பதில்களில் பெயர் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி எண் போட்டது ஜோதியம்மாள்.

கட்டுரையை எழுதியது தான்தான் என்பதை மட்டும் சக்கரபாணி யாரிடமும் சொல்லவில்லை. நிலக்கடலை மூட்டைகள் வந்திறங்கும் ஊரின் பெரிய மல்லாட்டை மண்டி ஒன்றில் உட்கார்ந்து, பன்னிரண்டு மாத ஆஜர் பதிவேட்டை வரி விடாமல் நகலெடுத்திருந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வேலைக்கு வருவதில்லை, மலை சுற்றப் போய்விடுகிறார்கள், அதைத் தடுக்க ஊக்கத்தொகை வைக்கலாம் என்பது அவர் கண்ட முடிவு. முதல் இதழின் முதல் கட்டுரை அது. இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் அவர் பெயர் அச்சில் வரப்போவதும் அதுதான் முதல் தடவை.

நாலு பதில்கள் புகழ்ந்திருந்தன. அதில் ஒருவர் கூடவே காற்புள்ளிகளையும் திருத்தியிருந்தார். ஐந்தாம் எண்ணைப் பரசுராமன் உரக்கப் படித்தார்.

“‘இதைப் போடக் கூடாது. எழுதியவர் பதிவேட்டைப் பார்த்திருக்கிறார், மண்டியைப் பார்க்கவில்லை. பௌர்ணமியன்று எத்தனை மூட்டை வந்தது என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு பௌர்ணமிக் காலையில் போய் நின்று பார்த்துவிட்டு எழுதட்டும்.’ யாருங்க சார் இது? சூப்பர்வைசர் கணக்கா அதட்டுது! திமிரு ஜாஸ்தி.”

“திமிருன்னு எங்க சார் இருக்குது? கேள்விதான கேட்டிருக்கு,” என்றாள் ஜோதியம்மாள்.

“நீங்க சும்மா இருங்கம்மா. ரெண்டாம் நம்பரப் போட்டுடலாம் சார். எழுத்தே முத்து முத்தா இருக்குது.”

சக்கரபாணிக்குக் காது மடல் சுட்டது. தலையை ஒருமுறை ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்தது. கட்டுரையும் வரும், பெயரும் வரும், ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. ஆனால் ‘எத்தனை மூட்டை’ என்ற கேள்வி முள் மாதிரி ஏறி உட்கார்ந்துவிட்டது. கட்டுரையோடு கழித்த இரண்டு வருஷத்தில் அது தனக்கு ஏன் தோன்றவில்லை?

“நாளைக்குச் சொல்றேன்,” என்று எழுந்தார். மறுநாள் பௌர்ணமி.

காலை ஏழு மணிக்கே சைக்கிளில் மண்டிக்குப் போனார். தராசுக் கொக்கி வெறுமனே தொங்கியது. சுவரோரம் பதினோரு பேர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னா சார், கோயிலு அந்தப் பக்கம்,” என்றான் மூட்டை தூக்கும் அர்ஜுனன். எல்லாரும் சிரித்தார்கள்.

“நீங்க மலை சுத்தப் போகலியா?”

“அது சாயந்தரம் சார். இப்ப மூட்டை வந்தாத்தான தூக்க? பஸ்ஸு பூரா சனம், டாப்புல மூட்டை ஏத்த மாட்டேன்றான். ஆறு மணிலேர்ந்து குந்தினு இருக்கறோம். பத்து மணிக்குக் கணக்குப்பிள்ளை வருவாரு, எல்லாருக்கும் ஆப்சென்ட் போட்டுட்டு, போங்கடான்னுவாரு.”

“வந்திருக்கீங்களே, அப்புறம் எப்படி ஆப்சென்ட்?”

“ஆஜர்னு போட்டா அரைக்கூலி குடுக்கணுமே சார்!”

அந்த நேரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் பஸ் தெருமுனையில் திரும்பியது. படியில் ஆள், ஏணியில் ஆள், டாப்பிலும் ஆள். சக்கரபாணி, தான் பதிவேடு நகலெடுத்த அறையைப் பார்த்தார். அதன் ஜன்னலுக்கும் இந்த முற்றத்துக்கும் பத்தடி இருக்காது. எத்தனையோ நாள் அங்கே உட்கார்ந்திருக்கிறார். பௌர்ணமி அன்று மட்டும் உட்கார்ந்ததில்லை. கூட்டத்துக்குப் பயந்து, அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

ஒன்பதரைக்கு நூலகத்தில் நின்றபடியே சொன்னார்: “ஐந்தாம் நம்பர்தான். அந்தக் கட்டுரை என்னோடது.”

பரசுராமனுக்கு வாய் மூடவில்லை. ஜோதியம்மாள் மட்டும் அசரவில்லை. “தெரியும் சார். கட்டுரைக் கடைசில போட்டிருக்கிற ஆறு புஸ்தகமும் ஒரு வருஷமா உங்க கார்டுலதான இருக்குது.”

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“பேரு பாக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் ரூல் போட்டீங்க?”

அவள் ஈர விரலால் ஒட்டுத்தாளை உரித்தாள். ரேணுகாம்பாள். அஞ்சல் வழியில் எம்.காம். கீழ்பென்னாத்தூர் நெல் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர்.

“சூப்பர்வைசரேதானா!” என்றார் பரசுராமன். பிறகு குரல் இறங்கி, “அப்ப முதல் கட்டுரை சார்?” என்றார்.

“ரெண்டாவதா இருக்கிற கட்டுரை முதல்ல போகட்டும். நான் பன்னெண்டு பௌர்ணமி நிக்கணும். இன்னிக்கு ஒண்ணு ஆச்சு.”

சொன்ன பிறகுதான் நெஞ்சு லேசானது தெரிந்தது. கார்பன் வைத்து, தேதி போட்டு, எண் போட்டு ரேணுகாம்பாளுக்குக் கடிதம் எழுதினார். ‘அன்புடையீர், ஆசிரியர் குழுவில் நாலாவது இடத்தைத் தாங்கள் ஏற்க வேண்டும். தாங்கள் நிராகரித்த கட்டுரையை எழுதியவன் நான். இன்று காலை போய் நின்று பார்த்தேன். மூட்டை ஒன்றுகூட வரவில்லை. ஆட்கள் பதினோரு பேரும் வந்திருந்தார்கள். திருத்தி எழுதியதும் தங்கள் பார்வைக்கே முதலில் வரும். அப்போதும் தயவு வேண்டாம்.’ கையெழுத்தை முழுப் பெயராகப் போட்டார். உறையின் மடிப்பில் பசை தடவி, விளிம்பு ஒட்டும் வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.

தபாலாபீசில் பதினொன்றரை மணிக்குப் பை கட்டுவதற்குள் கடிதம் போய்ச் சேர்ந்தது. பையின் வாயைக் கட்டி அரக்கு வைத்துப் பேருந்து நிலையத்துக்கு எடுத்துப் போனார்கள். சக்கரபாணியும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனார்.

காலையில் ஆள் தொங்க வந்த அதே பஸ், திரும்பிப் போக ஆளில்லாமல் நின்றது. கண்டக்டர் பையை வாங்கி முன் சீட்டில் ஜன்னலோரம் வைத்தார். “இன்னிக்கு அந்தப் பக்கம் போற லோடு இது ஒண்ணுதான்,” என்று விசிலடித்தார். அரக்கின் சூடு இன்னும் ஆறாத அந்தப் பை, பக்கத்துச் சீட்டு காலியாக இருக்க, கீழ்பென்னாத்தூருக்குப் புறப்பட்டது.