அம்மா எழக் கூடாத நாள்

அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிற அம்மாவை, அன்று காலை ஏழு மணிக்குக் கட்டிலிலேயே உட்காரவைத்து, பெரிய மகள் ஒரு காகிதத்தைப் பார்த்து நிபந்தனைகளை வாசித்தாள். பன்னிரண்டு வயதுதான். ஆனால் வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்று பெயர்.

"ஒண்ணு. நாங்க வந்து கூப்பிடற வரைக்கும் இந்த ரூமை விட்டு வெளிய வரக் கூடாது."

"சரி."

"ரெண்டு. என்ன சத்தம் கேட்டாலும் கதவு வழியா கத்தக் கூடாது. 'அடுப்பைக் குறை, அதை மூடு, இதைத் திற' எதுவும் கூடாது."

"நான் எப்ப அப்படி..." என்று ஆரம்பித்தவள், மகளின் புருவம் ஏறியதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மூணு." பழைய சைக்கிளிலிருந்து கழற்றிய மணி ஒன்று அம்மாவின் மடியில் வந்து விழுந்தது. "வீடு தீப்பிடிச்சா மட்டும் இதை அடிக்கலாம்."

"பேய் வந்தா?" என்று கேட்டாள் சின்னவள். ஆறு வயது வாண்டு. பெயரும் அதுதான்.

"பேய் வந்தா அம்மாவைப் பார்த்ததும் அதுவே ஓடிடும்" என்றார் கதவில் சாய்ந்து நின்ற கணவர்.

தலையணை ஒன்று பறந்துபோய் அவர் மேல் விழுந்தது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

"நாலு. கதவுக்கும் நிலைக்கும் சேர்த்து வெளியில காகிதம் ஒட்டி சீல் வைப்போம். மூணு பேர் கையெழுத்தும் இருக்கும். அது கிழிஞ்சிருந்தா, இந்த நாள் இனிமே நம்ம வீட்டுல கிடையாது. எப்பவுமே."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிற்று. அது வேறு யார் காதுக்கும் எட்டியிருக்காது. அம்மாவின் காது அதற்கென்றே பழகிய காது.

திரைச்சீலையை இழுத்து மூடி அறையை இருட்டாக்கிவிட்டுப் போகும்போது, மேனேஜர் ஒரு துணியை எடுத்துக் கதவின் உள்பக்கக் கைப்பிடியைத் துடைத்துவிட்டுப் போனாள். அடேயப்பா, இன்றைக்கு எவ்வளவு சுத்தம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். வெளியே பசை தடவும் சத்தம், காகிதத்தை நீவும் சத்தம், "அப்பா, இங்க கையெழுத்துப் போடுங்க, கிறுக்காதீங்க" என்ற அதட்டல். பிறகு காலடிகள் நகர்ந்தன.

வசந்த விடுமுறை வந்தால் அந்த வீட்டில் நாட்களுக்குத் தனிப் பெயர்கள் வந்துவிடும். காலண்டரில் இருக்கும் பெயர்கள் அல்ல, இவர்களே வைத்தவை. முதல் நாள், அம்மா எழக் கூடாத நாள். இரண்டாவது நாள், அப்பா ஓட்டக் கூடாத நாள்; கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதே அவர் தொழில் என்பதால் அன்றைக்கு எங்கே போனாலும் நடைதான். மூன்றாவது, தொலைந்து போகும் நாள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பேருந்தில் ஏறி, அது போய் நிற்கும் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, யாரிடமும் வழி கேட்காமல் வீடு வந்து சேர வேண்டும். போன வருஷம் வரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன வருஷம் முதல் நாளன்று ஏதோ லேசாகத் தீய்ந்த வாசனை. அவள் எழுந்து போனாள். "குடு இங்க" என்று மகள் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். பத்து நிமிஷத்தில் எல்லாம் மேஜைக்கு வந்துவிட்டது. கணவர் பாராட்டினார், வாண்டு இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மேனேஜர் மட்டும் வயிறு சரியில்லை என்றாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண் அடுப்படிப் பக்கமே வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் செய்ய வேண்டிய அட்டை வீடு, தைக்க வேண்டிய பொத்தான், தலை வகிடு, எதுவாக இருந்தாலும் முகம் சுளிக்காமல், "நீயே பண்ணிடும்மா" என்று நீட்டிவிடுவாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அவ்வளவு மரியாதையாகச் சொன்னால் என்ன செய்வது? ஒரு வருஷமாக அந்த வார்த்தைகள் அவளை அறுத்துக்கொண்டிருந்தன. போன வாரம் திடீரென்று, "இந்தத் தடவை மறுபடியும் வெச்சுக்கலாமா?" என்று மகளே கேட்டபோது, அம்மா உடனே தலையாட்டிவிட்டாள். இதுதான் கடைசி வாய்ப்பு என்று மகள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

ஆகவே படுத்துக்கொண்டாள்.

படுத்திருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. போர்வையின் ஓரத்தை நீவினாள். தலையணை உறையைத் திருப்பிப் போட்டாள். மிச்சம் இருந்தது காது மட்டும்தான்.

அவள் வேலை பார்ப்பது ஒரு காது மருத்துவமனையில். வருகிறவர்களைச் சத்தம் புகாத சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். பதினாறு வருஷத்தில் அவள் கண்டது, பயந்தவர்கள், இல்லாத சத்தத்துக்கும் அழுத்துவார்கள் என்பதை. எதையோ கோட்டைவிட்டுவிடுவோமோ என்ற பதற்றம். அவர்களிடம் கனிவாகச் சொல்லுவாள்: "அவசரமே இல்லை. கேட்டா மட்டும் போதும்."

இப்போது பொத்தானுக்குப் பதில் சைக்கிள் மணி.

முட்டை உடைபடும் சத்தம். ஒன்று, இரண்டு. மூன்றாவது தரையில். "துடைச்சிடலாம், துடைச்சிடலாம்" என்றார் கணவர். எதில் துடைக்கப்போகிறார்? முகம் துடைக்கும் துண்டில்தான். சர்க்கரை டப்பாவின் மூடி. அதை இறுக்க மூடாவிட்டால் எறும்பு வரும். இழுப்பறை, இழுப்பறை, மறுபடியும் இழுப்பறை. முட்டை அடிக்கும் கம்பியைத் தேடுகிறார்கள். அது இழுப்பறையில் இல்லை, ஜன்னல் ஓரத்துக் குவளையில் இருக்கிறது. அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

"கிடைச்சிடுச்சு!" என்று வாண்டு கூவினாள்.

நியாயமாக அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ ஒரு சின்ன ஏமாற்றம். அதை அவள் இருட்டில் புரட்டிப் பார்த்தாள். அடுப்படியில் ஏதாவது கெட்டுப்போனால் கவலைதான். ஒன்றுமே கெட்டுப்போகாமல் ஓடினாலும் ஏன் நெஞ்சில் ஒரு முள்? நான் இல்லாமல் இந்த வீடு நடக்குமா என்று பயப்படுகிறேனா, நடந்துவிடுமோ என்று பயப்படுகிறேனா? அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த மாதிரி இருந்தது. அதனால் வேறு பக்கம் திரும்பிப் படுத்தாள்.

கணவரை நினைத்தால் பொறாமையாக இருந்தது. அவர் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர்கள் சுவரைப் பார்த்து ஓட்டினாலும் முகத்தில் சலனம் காட்டாமல் உட்கார்ந்திருப்பார். "மிதிக்காம இருக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்பார். அவளுக்கும் ஒரு பிரேக் வேண்டுமானால் இருக்கலாம். ஆனால் அவள் கால் எப்போதும் அதன் மேலேயே இருந்து பழகிவிட்டது.

கேக் வேகும் வாசனை கதவிடுக்கில் நுழைந்தது. நல்ல வாசனை. கொஞ்ச நேரம் கழித்தும் நல்ல வாசனையாகவே இருந்தது. பாத்திரங்கள் பேசுவது நின்று, அவர்கள் ஏதோ குசுகுசுத்தார்கள். அப்புறம் சொத்தென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

மௌனத்துக்கு எதை அழுத்துவது?

பிறகு கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம். பெரியவள்தான். அவள் அழுகையை அடக்கும்போது அப்படித்தான் மூன்று தடவை விட்டு விட்டு உறிஞ்சுவாள்.

எப்போது எழுந்தாள், எப்போது கதவருகே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கை கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தது. உள்ளங்கையில் பிசுபிசுத்தது, வியர்வையாக இருக்கும். பாதி திருப்பிவிட்டாள். மறுபக்கம் காகிதம் விறைத்துக்கொள்ளும் சின்ன ஒலி.

"ஒட்டிக்கிச்சுப்பா. பாதி பாத்திரத்துல, பாதி தட்டுல."

"அதனால என்ன, பாதியும் பாதியும் சேர்ந்தா முழுசு."

"ஜோக் அடிக்காதீங்க."

"சரி, அம்மாவைக் கூப்பிடலாமா?"

கதவுக்குப் பின்னால் அவள் மூச்சை நிறுத்தினாள். கூப்பிடு. கூப்பிடு கண்ணு.

"வேண்டாம்" என்றாள் மேனேஜர். மறுபடியும் ஒரு உறிஞ்சல். "அம்மா வந்தா நல்லா வந்துடும். ஆனா அது அம்மா கேக்."

அவள் கைப்பிடியை மெதுவாக, ஒரு சத்தமும் வராமல், பழைய நிலைக்கு விட்டாள். நான்கே அடிதான் கட்டிலுக்கு. அந்த நாலு அடியும் மலை ஏறுகிற மாதிரி இருந்தது. படுத்து, கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு கண்ணை மூடினாள்.

அடுத்த நிமிஷம் 'சர்ர்' என்று காகிதம் கிழிந்தது. கதவு திறந்தது. உள்ளே வந்து நின்றது வாண்டு.

"அம்மா, தூங்கறியா?"

"ஆமா."

"சும்மா ஒரு கேள்வி. நம்ம வீட்டுல இல்ல, வேற ஒருத்தங்க வீட்டுல. கேக் பாத்திரத்துல ஒட்டிக்கிட்டா என்ன பண்ணணும்?"

பதில் நாக்கு நுனியில் நின்றது. ஒரு பதில் இல்லை, மூன்று பதில்கள். அவள் மூன்றையும் விழுங்கினாள்.

"அந்த வீட்டுல ஒரு அக்கா இருக்காளா?"

"இருக்கா."

"அவ கெட்டிக்காரி. அவளே ஏதாவது கண்டுபிடிப்பா."

வாண்டு கிட்டே வந்து அவள் முகத்தைப் பார்த்தாள். கண்கள் விரிந்தன. வாயைப் பொத்திக்கொண்டு களுக்கென்று சிரித்தாள். திரும்பி ஓடப் போனவள், கதவில் தொங்கிய காகிதத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். சிரிப்பு காணாமல் போயிற்று.

"அம்மா... சீல்."

"ம்."

"அக்காகிட்ட சொல்லாதே. ப்ளீஸ். அக்கா என்னைக் கொன்னுடுவா." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பறந்துவிட்டாள்.

வெளியே போகக் கூடாதென்று போகாமல் இருந்து, கடைசியில் இப்படியா? கிழிந்த சீல் காகிதத்தைப் பார்த்தால் போன வருஷத்து ஞாபகம்தான் அந்தப் பெண்ணுக்கு முதலில் வரும். வாண்டு மேல் பழியைப் போட்டால் தப்பிக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் ஒரு குழந்தையிடம் நல்ல பெயர் வாங்க இன்னொரு குழந்தையைக் காட்டிக்கொடுப்பதா? அப்படிக் கொடுத்தாலும் மகள் நம்புவாளா? தாலாட்டுக்கு அடங்கிய குழந்தை போலக் கிடந்தாள். வெளியே கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று மோதின, யாரோ பழம் நறுக்கினார்கள், கணவர் "அட, இது நல்லா இருக்கே" என்றார். எது நல்லா இருக்கிறது? அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியில் காலடிகள் வந்தன. கதவுக்கு வெளியே நின்றன. நின்றே இருந்தன.

கதவு மெல்லத் திறந்தது. மேனேஜர் கையில் தட்டு இல்லை. கிழிந்த காகிதத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கணவருக்குப் பின்னால் வாண்டுவின் பாதி முகம் தெரிந்தது.

மேனேஜர் சட்டென்று முட்டி போட்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் அம்மாவும் பார்த்தாள். வாசற்படியை ஒட்டி வெளியே ஓரடி அகலத்துக்கு மெல்லிசாக மாவு தூவியிருந்தது. அதில் உள்ளே வந்த சின்னப் பாதங்கள் ஒரு ஜோடி, வெளியே ஓடிய சின்னப் பாதங்கள் ஒரு ஜோடி. வேறு ஒரு தடமும் இல்லை.

"வாண்டு" என்றாள் மேனேஜர், திரும்பிப் பார்க்காமல்.

"நான் கேள்வி மட்டும்தான் கேட்டேன்! அம்மா பதிலே சொல்லல!"

மேனேஜர் எழுந்து போய் திரைச்சீலையை விலக்கினாள். வெளிச்சம் பொத்தென்று உள்ளே விழுந்தது. கணவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"கையைக் காட்டும்மா" என்றாள் மகள்.

உள்ளங்கை முழுக்க நீலம். விரல் இடுக்கெல்லாம் நீலம். தலையணையில் நீலம். தடவிப் பார்த்த கன்னத்திலும் நீலமாம். கணவரின் கார் ஓட்டும் பள்ளி முத்திரைக்கு ஊற்றும் மை. கைப்பிடியைத் துடைத்த அழகு இதுதான்.

கையும் களவுமாக என்றால் இதுதானே. சப்பைக்கட்டு கட்ட ஒன்றுமில்லை. "கைப்பிடி வரைக்கும் வந்தேன்" என்றாள். "நீ அழுதது கேட்டுச்சு."

மகள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணக்கை இரண்டு தடவை போட்டுச் சரிபார்க்கிறவள் மாதிரி.

"பிடிச்சியா?"

"பிடிச்சேன். பாதி திருப்பிட்டேன்."

"அப்புறம் ஏன் வரல?"

"அது உன் கேக்."

மேனேஜர் அம்மாவின் நீலக் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலை விட்டு இறக்கினாள். போன வருஷத்துக்கு அப்புறம் அவளாகக் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை என்பது, பிடித்தவளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

வீட்டுக்குப் பின்னால், பூத்துக் குலுங்கிய மரத்தடியில் போர்வை விரித்திருந்தார்கள். உடைந்த கேக்கை உதிர்த்து, நறுக்கிய பழத்தோடு அடுக்கடுக்காக நாலு கண்ணாடிக் குவளைகளில் போட்டு, மேலே பாலாடையை ஊற்றியிருந்தாள் மேனேஜர். முட்டை கொஞ்சம் கருகியிருந்தது. ரொட்டி ஒரு பக்கம் மட்டும் சுட்டிருந்தது. கேக் என்னவோ, அம்மாவே அவ்வளவு ருசியாகச் செய்ததில்லை. அதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால், பேசாமல் குவளையை வழித்து வழித்துத் தின்றாள்.

"பாத்தியா, அம்மா பேசாம சாப்பிடறா" என்றார் கணவர். "இதையே வருஷத்துக்கு மூணு தடவை வெச்சா என்ன?"

"உங்களுக்கு நாளைக்கு இருக்கு" என்றாள் அவள். "ஊரெல்லாம் நடக்க வெக்கறேன்."

காற்று அடித்தது. மரத்திலிருந்து ஒரு பூ மகளின் குவளையில் விழுந்து பாலாடையில் ஒட்டிக்கொண்டது. அம்மாவின் கை தானாக நீண்டது. பாதி வழியில் அதைக் கண்டுபிடித்து நிறுத்தினாள். நீலக் கை அந்தரத்தில் நின்றது.

மேனேஜர் அதைப் பார்த்தாள். பூவைத் தானே எடுத்துக் காதோரம் செருகிக்கொண்டாள். ஒரு வாய் கேக் தின்றாள். பிறகு, பெரிய சலுகை ஒன்றை அறிவிக்கிறவள் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்:

"அடுத்த வருஷம் மை வேண்டாம். மாவு மட்டும் போதும்."