முன்சீட்டில் கோவிந்தம்மா

பத்தாவது நிமிஷம் ஏசி கம்ப்ரஸரின் கிளட்ச் மறுபடியும் பிடியை விட்டுவிட்டது. பானெட்டுக்குள் குனிந்திருந்த ஜெயவேல் கையிலிருந்த டெஸ்ட் விளக்கைப் பார்த்தான். அது எரிந்துகொண்டுதான் இருந்தது. கம்ப்ரஸருக்குக் கரண்ட் வருகிறது. ஆனாலும் அதன் முகப்புத் தட்டு அசையாமல் நிற்க, பின்னால் புல்லி மட்டும் வெறுமனே சுற்றியது.

"யோவ், உள்ள வர்றியா இல்லியா?" அவன் மனைவி ரேகா ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவில் நின்றாள். "அத்தைக்கு மூச்சு வாங்கிகினு கீது. நீ இன்னாடான்னா காருக்குள்ள தலைய வுட்டுகினு கீற."

"வந்துர்றேன். கொஞ்ச நேரம்."

"உங்க நைனா செத்தப்பவும் இதான் சொன்ன."

அது உண்மைதான். அவன் மறுபடி பானெட்டுக்குள் குனிந்தான். ரேகா உள்ளே போனாள்.

திருவொற்றியூரில் அவர்கள் வீடு, அவன் கார் ஏசி ரிப்பேர் செய்யும் ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ். மூன்று நாளைக்கு முன்னால் டாக்டர், அவன் அம்மா கோவிந்தம்மாவின் இதயத்தில் இனி பலமில்லை என்று சொன்னபோது, அவளே, "வூட்டுக்கு இட்டுகினு போங்கப்பா" என்று கேட்டு வந்துவிட்டாள். இன்று காலை ஒன்பது மணிக்குத் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்தது. சாயங்காலம்தான் கரண்ட் வருமாம். கத்திரி வெயில். கடல் காற்று இன்னும் எழும்பவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் முறைவைத்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

கோவிந்தம்மா நாற்பது வருஷம் காசிமேட்டிலிருந்து மீன் கூடை சுமந்து தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்றவள். வெயிலைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று பத்து மணிக்கு மகனின் மணிக்கட்டைப் பிடித்து, "வேவுதுடா" என்றாள். அவ்வளவுதான். ஜெயவேல் எழுந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், ஷெட்டில் நின்ற அமீருதீன் பாயின் காருக்கு வந்துவிட்டான்.

கால் டாக்சி ஓட்டுகிற அமீருதீன் நேற்று மாலை விட்டுவிட்டுப் போன வண்டி அது. கொஞ்ச தூரம் ஓடியதும் ஏசி அனல் காற்றாக அடிக்கிறது. இரண்டு இடத்தில் பார்த்துவிட்டு, கம்ப்ரஸர் போச்சு, மாற்றித்தான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ஜெயவேல் கேஸின் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்தான். ஓடுகிறவரை இரண்டு முள்ளும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றன. கேஸ் சரியாக இருந்தது. கம்ப்ரஸர் உள்ளே தேய்ந்திருந்தால் முள் இப்படி நிற்காது.

அவன் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக் கிளட்ச் மேல் ஊற்றினான். ஆறியதும் அது தானாகப் பிடித்துக்கொண்டது. மறுபடி சூடானதும் விட்டது. இந்த முறை சுத்தியலின் மரப்பிடியால் தட்டை மெல்லத் தள்ளினான். உடனே ஒட்டிக்கொண்டு சுற்றியது.

அப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது. கம்ப்ரஸரில் குறையே இல்லை. தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் இருக்கவேண்டியது இரண்டு மூன்று தாள் கனத்துக்கு இடைவெளி. தேய்ந்து தேய்ந்து அது அகன்றுவிட்டது. காந்தம் குளிர்ந்திருக்கும்போது எப்படியோ இழுத்துவிடுகிறது. சூடானால் அதன் பலம் குறைகிறது. அந்தத் தூரத்தைத் தாண்டி அதனால் இழுக்க முடியவில்லை.

இஞ்சினை அணைத்துவிட்டு சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்தான். நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை உருவினான். உள்ளே தண்டில் காகிதம் போல இரண்டு வாஷர்கள் இருந்தன. இடைவெளி குறைய ஒன்றை எடுத்துவிட்டு, தட்டை மாட்டி முடுக்கினான். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் மூச்சு கேட்டது. இழுத்து, நின்று, இழுத்து. அளவுத் தகட்டை இடைவெளியில் விட்டுப் பார்த்தான். இன்னொரு தரம் பார்த்தான். சரியாக இருந்தது.

அமீருதீன் வந்தபோது வண்டி அரை மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. கிளட்ச் ஒரு தடவைகூட விடவில்லை. காற்று வரும் வாயில் சொருகியிருந்த தெர்மாமீட்டர் ஏழு டிகிரி காட்டியது.

"மாத்திட்டியா?"

"ஒண்ணும் மாத்தல பாய். ஒரு வாஷர் எட்த்தேன், அவ்ளோதான். வண்டி ரெடி." ஜெயவேல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "ஒரு மணி நேரம் எனக்கு வோணும்."

"எங்க போவணும்? ஒரு மணிக்கு எனக்கு ஏர்போட்டு ட்ரிப் கீது."

"எங்கியும் போவல. அம்மாவ உள்ள குந்த வெக்கணும்."

அமீருதீன் கதவு வழியாக உள்ளே பார்த்தார். விசிறும் பெண்களையும், திறந்த வாயோடு கிடந்தவளையும் பார்த்தார். போனை எடுத்து ட்ரிப்பை ரத்து செய்தார். பிறகு தானே ஏறி வண்டியைத் திருப்பி நிறுத்தினார். "பொகை தெருப் பக்கம் போவட்டும்" என்று சொல்லிக்கொண்டே முன்சீட்டைப் பின்னால் சாய்த்தார்.

ரேகா கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயவேல் அவளைப் பார்த்தான். அவள் உள்ளே போய், துவைத்து மடித்து வைத்திருந்த போர்வையைக் கொண்டுவந்து சீட்டில் விரித்தாள்.

அம்மாவைத் தூக்கும்போது அவன் நினைத்து வைத்திருந்த கனம் இல்லை. கூடை உட்கார்ந்து உட்கார்ந்து முடி போன உச்சந்தலை அவன் தாடையில் இடித்தது.

கதவைச் சாத்தினார்கள். அவன் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தான், ரேகா பின்னால். தெருக்கோடியில் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் எங்கோ தொலைவில் கேட்பதுபோல் ஆனது.

முதலில் அவள் நெற்றியில் ஒட்டியிருந்த நரைமுடி பிரிந்து அசைந்தது. கழுத்துப் பள்ளத்தில் தேங்கியிருந்த வியர்வை காய்ந்தது. புருவத்து முடிச்சு தளர்ந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது. பதினெட்டு வருஷமாக எத்தனையோ வண்டிகளில் இந்தக் குளிரை அவன் வரவழைத்திருக்கிறான். வண்டிக்காரர்கள் உட்காருவார்கள், கையை நீட்டிப் பார்ப்பார்கள், தலையாட்டிவிட்டுப் போவார்கள். அது ஒரு முகத்தில் வந்து இறங்குவதை அவன் பார்த்ததே இல்லை. இமைக்காமல் பார்த்தான்.

கோவிந்தம்மா கண் திறந்தாள். வலது கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்துக் காற்றுக்கு முன்னால் பிடித்தாள்.

"எங்கேர்ந்துடா வருது இது?"

"எங்கேர்ந்தும் வர்லம்மா. உள்ள கீற சூட்ட எட்த்துகினு போய் வெளிய வுடுது."

அவள் அதை யோசித்தாள். "வெளிய யாரு வாங்கிக்கிறா அத?"

ஜெயவேல் கண்ணாடி வழியாகப் பார்த்தான். வண்டிக்கு முன்னால் அமீருதீன் சட்டைக் காலரைத் தூக்கி ஊதிக்கொண்டு நின்றிருந்தார்.

"பாய்தான் நின்னுகினு கீறாரு."

அவள் உதடு கொஞ்சம் விரிந்தது. "பாவம், அந்தாண்ட நவுரச் சொல்லு."

அவன் கையசைத்தான். அமீருதீன் புரியாமல் நிழலுக்கு நகர்ந்தார்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கண்ணாடி ஓரங்களில் பனி பூத்தது. "குளுருதாம்மா?" என்றதற்குத் தலையை மட்டும் இல்லை என்று அசைத்தாள். தூக்கியிருந்த கை எப்போது மடிக்கு இறங்கியது என்று அவன் கவனிக்கவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தான்.

ரேகாதான் பின்னாலிருந்து எட்டி, மூக்கின் கீழே விரலை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

"தெரியல," என்றாள். "காத்துதான் அடிக்குது. அத நிறுத்து."

அவன் ப்ளோயரின் திருகைத் திருப்பினான். காருக்குள் அப்படியொரு அமைதி வந்தது. அவனுடைய மூச்சு அவனுக்குக் கேட்டது, ரேகாவின் மூச்சும் கேட்டது. அவள் விரல் அங்கேயே காத்திருந்தது. பிறகு மெதுவாகக் கையை எடுத்து, அவன் தோளில் வைத்தாள்.

ஜெயவேல் திருகைப் பழையபடி திருப்பி வைத்தான்.

கோவிந்தம்மாவோடு கூடவே கூடை சுமந்த பூவம்மா, சேதி தெரிந்து மார்க்கெட்டிலிருந்து மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள். ரேகா கார்க் கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் பட்டதும் பூவம்மாவின் குரல் பாதியில் நின்றது. சாய்ந்த சீட்டையும் போர்வையையும் சுருக்கமில்லாத அந்த நெற்றியையும் பார்த்தாள்.

"எம்மா," என்றாள் மெதுவாக. மீன் வாடை வந்த கைகளை முந்தானையில் துடைத்துவிட்டு, தோழியின் பாதத்தைத் தொட்டாள்.

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. வண்டிக்கடியில் ஏசியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து, எண்ணெய்க் கறுப்பேறிய தரையில் விரல் அகலத்துக்கு ஒரு கோடாகத் தெரு வரைக்கும் போயிருந்தது. வந்துகொண்டிருந்த பெண்கள், யாரும் சொல்லாமலே, புடவையைக் கொஞ்சம் தூக்கி, அதை மிதிக்காமல் தாண்டி வந்தார்கள்.